மாவுக்கட்டோடு மதுரையிலிருந்து வீடு வரை

என் இரண்டு வயது மகளுக்கு மதுரையில் இடுப்பு ஆபரேஷன் செய்து, மார்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். காரைக்குடிக்குக் காரில் எப்படிக் கூட்டி வருவது? மடியில் வைத்துக்கொள்வதாக அப்பத்தா சொல்கிறார்.
- ஒரு வாசகி, காரைக்குடி

அப்பத்தா மடி வீட்டுக்கு வந்தபிறகு இருக்கட்டும், அம்மா. சடன் பிரேக் போட்டால் கட்டின் கனமும் சேர்ந்து குழந்தை முன்னால் பாயும். எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் அழைத்துப்போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019 சட்டத்திருத்தமும் சொல்கிறது.

மாவுக்கட்டுக்குள் கால்கள் விரிந்தே இருப்பதால் சாதாரணக் குழந்தை இருக்கை பெரும்பாலும் பொருந்தாது. பக்கங்கள் தாழ்ந்த, அகலமான இருக்கை சிலருக்குச் சரியாக இருக்கும். டிஸ்சார்ஜுக்கு முன்பே மகளை அதில் உட்காரவைத்து, பெல்ட் இறுக்கமாகப் பிடிக்கிறதா என்று எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பின்சீட்டில்தான் பொருத்த வேண்டும். மகளுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள், அது அமுங்கி பெல்ட் தளர்ந்துவிடும். பொருந்தவில்லையா? ஸ்ட்ரெச்சரும் பெல்ட்டும் உள்ள ஆம்புலன்ஸைப் பேசிவிடுங்கள். வாடகை கூடத்தான் ஆகும்; ஆகட்டும்.

மேலூரிலும் திருப்பத்தூரிலும் வண்டியை நிறுத்தி, டயப்பரையும் கால்விரல்களையும் பாருங்கள். விரல் நீலமாகவோ சில்லென்றோ வீங்கியோ இருந்தால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். தூக்கும்போது இரு கால்களுக்கும் நடுவே உள்ள கட்டையைப் பிடிக்கவே கூடாது. முதுகுக்கும் தொடைக்கும் அடியில் கை கொடுங்கள்.