ரிங் வாங்கும் முன் சிலிண்டரை அளந்து பாருங்கள்

நீலப் புகை தள்ளும் பழைய அம்பாசிடரைப் பட்டறையில் விட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் "ரிங் மாத்திட்டா சரியாயிடும் சார்" என்பதுதான். ரீபோர் செய்து புது பிஸ்டன் போடும் செலவோடு பார்த்தால் ரிங் செட்டின் விலை சொற்பம். அதனால் வண்டிக்காரரும் உடனே தலையாட்டிவிடுகிறார். ரிங் மட்டும் போதுமா, போதுமென்றால் எந்த ரிங் என்ற இரண்டு கேள்விக்கும் விடை சிலிண்டரின் தேய்மானத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அதற்கும் முன்னால், குற்றம் ரிங்கில்தானா என்று பார்த்துவிட வேண்டும். கம்ப்ரஷன் கேஜில் குறைவாகக் காட்டும் சிலிண்டருக்குள் பிளக் துவாரம் வழியே ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி சோதியுங்கள். அளவு நன்றாக ஏறினால் கசிவு ரிங் பக்கம். ஏறாவிட்டால் வால்வு பக்கம். ஆக்சிலேட்டரை விட்டு இறக்கத்தில் இறங்கி, மறுபடி மிதிக்கும்போது மட்டும் புகை வந்தால் வால்வு கைடைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அம்பாசிடரில் நெடுங்காலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினின் சிலிண்டர் விட்டம் புதிதில் 73.025 மி.மீ. தேய்மானம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக வருவதில்லை. பிஸ்டன் உச்சியில் நின்று திரும்பும் இடத்தில் சூடும் அழுத்தமும் அதிகம், ஆயில் படலமோ மெல்லியது. சுவர் அங்கேதான் அதிகம் தேய்கிறது. ரிங் எட்டாத அடிப்பகுதி ஏறக்குறையப் பழைய அளவிலேயே இருக்கும். மேலே விட்டம் 0.25 மி.மீ. கூடியிருந்தால் சுற்றளவு கிட்டத்தட்ட 0.8 மி.மீ. கூடிவிடும். அடியில் 0.25 மி.மீ. இடைவெளியோடு கச்சிதமாக உட்கார்ந்த ரிங், உச்சிக்குப் போனதும் ஒரு மில்லிமீட்டர் வாய் திறக்கிறது. 3,000 ஆர்.பி.எம்.மில் விநாடிக்கு 50 தடவை இப்படி விரிந்து சுருங்கும் ரிங், எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும், கேஸையும் ஆயிலையும் அடக்கி வைக்காது.

விட்டம் கூடிய ஓவர்சைஸ் ரிங்கை வாங்கி முனையை ராவிப் போட்டால் என்ன என்று கேட்பார்கள். பலரும் செய்வதுதான். தேய்ந்த மேல்பகுதிக்கு ஏற்ப ராவினால், கீழே இறங்கும்போது இரண்டு முனையும் முட்டிக்கொண்டு ரிங் உடையும், சுவரையும் கீறும். அடிப்பகுதிக்கு ஏற்ப ராவினால் ஸ்டாண்டர்டு ரிங் மேலே எவ்வளவு திறக்குமோ, அவ்வளவே இதுவும் திறக்கும். பிறகு அந்த ஓவர்சைஸால் என்ன லாபம்? ஓவர்சைஸ் ரிங், அதே அளவுக்கு ரீபோர் செய்த சிலிண்டருக்காக வார்க்கப்பட்டது.

வண்டி மாதம் நூறு கிலோமீட்டர்கூட ஓடாது, அதற்கு ரீபோர் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருந்தால் நானும் ரிங் மட்டுமே போடச் சொல்வேன். அப்போதும் குரோம் ரிங் வேண்டாம். அது அதிகம் உழைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அவ்வளவு கடினமான ரிங், கண்ணாடிபோல் வழவழத்துப்போன பழைய சுவரில் படிந்து உட்கார நெடுநாள் ஆகும், சில நேரம் உட்காரவே உட்காராது. சாதாரண வார்ப்பிரும்பு ரிங் சீக்கிரம் படியும். அதற்கும் ஹோனிங் செய்து, குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் விழச் செய்தாக வேண்டும். ஆயில் ரிங் மட்டும் மூன்று துண்டு வகையாக இருக்கட்டும்; வட்டம் கெட்ட சிலிண்டரில் அதுதான் வளைந்து கொடுக்கும். உச்சியில் தேயாமல் நிற்கும் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் அதை வெட்டி எடுக்க வேண்டும், அல்லது மேல் மூலையில் படி வைத்த டாப் ரிங் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் புது ரிங்கின் கூர்மூலை அதில் மோதி உடையும். பழைய பிஸ்டனின் காடியில் புது ரிங்கை வைத்து, பக்கத்தில் 0.15 மி.மீ. ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்றும் பாருங்கள். நுழைந்தால் பிஸ்டனும் போய்விட்டது.

வித்தியாசம் 0.2 மி.மீ.யைத் தாண்டிவிட்டால் பேச்சே இல்லை, ரீபோர்தான். சிலிண்டர் ஒவ்வொன்றையும் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளந்து எழுதித் தரச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள். அந்தத் தாள் கைக்கு வந்த பிறகு ரிங் வாங்கக் கடைக்குப் போங்கள்.