குளிர்சாதனப் பெட்டியின் ஓசைகள்

ஓசையினாலே பொருளுணர்த்தும் சொற்கள் தமிழிற் பல. சலசல, களகள, கறகற என வரும் இவற்றை இலக்கண நூலார் இரட்டைக்கிளவி என்பர். இவை பிரித்தாற் பொருள் தாரா. ஓசைகளை வேறுபடுத்தி உணரும் இப்பழக்கம் வகுப்பறைக்கு வெளியேயும் பயன்படுவதாகும். சமையலறையில் இரவும் பகலும் ஒலிக்கும் குளிர்சாதனப் பெட்டியின் ஓசைகளுள் இயல்பானவை எவை, பழுதைக் காட்டுவன எவை என்பதை ஈண்டு நோக்குவோம். ஓசைக்கு அஞ்சி இரவில் மின்னை நிறுத்துவோர் உளர். 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்கவேண்டிய இன்சுலின் மருந்தும், பாலும் மீனும் அதனாற் கெடும். ஆதலின் இது வீண் ஆராய்ச்சியன்று.

முதற்கண் பெட்டி இயங்குமாற்றை அறிதல் வேண்டும். மண்பானையின் நுண்டுளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்வதாற் பானைநீர் குளிர்கின்றது. பெட்டியில் நிகழ்வதும் இதுவே. ஆயின், நீருக்குப் பதிலாக மிகத் தாழ்ந்த வெப்பநிலையிற் கொதிக்கும் பொருளொன்று மூடிய குழாயினுள் சுற்றி வருகின்றது. இக்காலப் பெட்டிகள் பலவற்றிலுள்ள ஐசோபியூற்றேன், சாதாரண வளியமுக்கத்தில் ஏறத்தாழ −12 பாகை செல்சியசிற் கொதிப்பது. உள்ளே ஆவியாகி வெப்பத்தைக் கவர்ந்த அதனைக் கொம்பிறசர் எனப்படும் அமுக்கி அழுத்தி வெளிப்புறக் குழாய்களுக்கு அனுப்ப, அங்கே அது வெப்பத்தை இழந்து மீண்டும் திரவமாகின்றது. 1834 இல் ஜேக்கப் பேர்க்கின்ஸ் இலண்டனிற் காப்புரிமை பெற்ற முறை இதுவேயாம்.

இனி ஓசைகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

வண்டு முரல்வது போன்ற ஓசை அமுக்கியினுடையது. இன்வேட்டர் வகைப் பெட்டிகளில் அமுக்கியின் வேகம் தேவைக்கேற்பக் கூடியும் குறைந்தும் வருவதால் இவ்வோசையும் மாறும்.

களகள என்பது குழாயினுள் திரவம் கொதித்தோடும் ஓசை. அமுக்கி நின்றபின் மெல்லிய சீறல் கேட்பின், குழாய்களின் இரு பக்க அமுக்கமும் சமமாகின்றது என்க.

சொடுக்குவது போன்ற ஓசை, வெப்பநிலைச் சீராக்கி மின்னை இணைப்பதாலும் துண்டிப்பதாலும் எழுவது. எதிர்பாராத வேளையில் எழும் வெடிப்போசை, பிளாஸ்ரிக் சுவர்கள் குளிரிற் சுருங்கி வெப்பத்தில் விரிவதன் விளைவு.

உறைபனி தானே உருகும் பெட்டிகளில், உருகிய நீர் சூடேற்றியின்மேல் விழுந்து சீறும். பின்புறத் தட்டிற் சொட்டும்.

இவையெல்லாம் இயல்பானவை. ஓசையே இல்லாத பெட்டி செய்தல் எளிதன்று. 1920 களின் பிற்பகுதியில் அல்பேட் ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும், சுழலும் உறுப்புகள் எவையுமின்றித் திரவ உலோகத்தை மின்காந்தத்தாற் செலுத்தும் அமுக்கியொன்றை அமைத்தனர். அதற்கும் பேரோசையே பெருங்குறையாயிற்று.

பழுதைக் காட்டும் ஓசைகளும் உள. கடகடவென அதிருமாயின், பெட்டி மட்டமாக நிற்கின்றதா, சுவரைத் தொடுகின்றதா எனப் பார்த்துச் சரிசெய்க. சிறிது முரன்று, சொடுக்கி நின்று, சில நிமிடங்களில் மீண்டும் அவ்வாறே செய்யுமாயின் அமுக்கி தொடங்க மாட்டாது இடர்ப்படுகின்றது. மின்னழுத்தக் குறைவும் இதற்குக் காரணமாகலாம். மின்னை நிறுத்தி, அழுத்தம் சீரானபின் இயக்கிப் பார்த்து, குறை நீங்காவிடின் திருத்துநரை அழைக்க. நிறுத்திய பெட்டியை ஐந்து நிமிடமேனும் கழித்தே மீண்டும் இயக்குதல் வேண்டும். மேற்கூறிய சீறல் ஓய்ந்து அமுக்கம் சமமாதற்கு அக்காலம் தேவை. உறைபனியைக் கத்தியாற் சுரண்டும்போது சீறல் எழுமாயின் குழாய் துளைபட்டதென அறிக. ஐசோபியூற்றேன் தீப்பற்றக்கூடியது. உடனே அடுப்பை அணைத்து, சன்னல்களைத் திறந்து, மின் ஆளிகளைத் தொடாது விலகுக.

தனியோசை ஒன்றையே கொண்டு பழுதெனத் துணிதல் தகாது. அது எப்போது எழுகின்றது, எவ்வளவு நேரம் நீடிக்கின்றது, பெட்டி குளிர்கின்றதா என்பவற்றையும் சேர்த்து நோக்குக. மாணவர்கள் ஒரு மாலைப்பொழுதில் தத்தம் வீட்டுப் பெட்டியின் ஓசைகளை நேரத்தோடு குறித்து, ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் தமிழ்ச் சொல்லையும் எதிரே எழுதிப் பார்ப்பார்களாக.