கலந்தாய்வுக்கு முன்

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

செயற்கை நுண்ணறிவு வகுப்பை உன் தலையில் கட்டிவிட்டார்களாம், வருகிற இடமாறுதல் கலந்தாய்வில் ஏற்காட்டைவிட்டு இறங்கிவிடப் போகிறாயாம். அம்மா சொன்னாள். உன் இஷ்டம். இருட்டினபிறகு அந்த இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஸ்கூட்டரில் வருகிறாய். காட்டெருமை குறுக்கே நிற்குமாம். நீ அங்கேயே இருக்க எனக்கு மட்டும் ஆசையா? ஆனால் இந்தப் பாடத்துக்குப் பயந்து இறங்காதே.

எங்கள் பள்ளிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த கதையை மறுபடி சொல்கிறேன், பொறுத்துக்கொள். பச்சைத் துணி போர்த்தி அறையைப் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து, கணினியின் பாகங்களை ஐந்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்தார்கள். இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. சி.பி.எஸ்.இ. 2019-லேயே ஒன்பதாம் வகுப்புக்குச் செயற்கை நுண்ணறிவை விருப்பப் பாடமாக்கியது. நம் அரசுப் பள்ளிகளுக்கும் அதைக் கற்றுத்தரும் டி.என். ஸ்பார்க் திட்டம் வந்துவிட்டது. இதையும் வரையறை எழுதும் பாடமாக்கிவிடாதே.

நீ கணக்கு டீச்சர். படித்த கோடிக்கணக்கான வரிகளை வைத்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று அந்த மெஷின் கணக்குப் போடுவதும் ஒன்பதாம் வகுப்பு நிகழ்தகவின் நீட்சிதான். கரும்பலகையில் ‘சேர்வராயன் கோயில்’ என்று எழுதி நிறுத்து. அடுத்த சொல்லைக் கேள். மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் ‘திருவிழா’ என்பார்கள். மே மாதம் அவர்கள் வீட்டு விசேஷம் அல்லவா? அண்ணா பூங்காவில் நிற்கும் டூரிஸ்டைக் கேட்டால் ‘எத்தனை கிலோமீட்டர்’ என்பார். கைகளை எண்ணச் சொல். அதிகம் எதுவோ பெரும்பாலும் அதுதான் மெஷினின் பதில். இன்டர்நெட்டில் ஏற்காட்டைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு நாள் வந்து போனவர்கள். அதனால் அதற்குத் தெரிந்த மலை, போட் ஹவுஸும் வியூ பாயின்டும்தான்.

காபிப் பழம் என்ன நிறத்தில் பறிக்கணும், மழை பிந்தினால் என்ன செய்யணும் என்று மெஷினிடமும் கேள், எஸ்டேட்டில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளிடமும் கேள். தெரிந்ததையும் தெரியாததையும் அது ஒரே குரலில் சொல்லும். பிள்ளைகள் அதைக் கையும் களவுமாகப் பிடிக்கட்டும். போட்டோ, ஆதார் நம்பரெல்லாம் அதில் போடக்கூடாது என்றும் கண்டித்துச் சொல்.

சேலத்தில் கணக்கு டீச்சருக்குப் பஞ்சமில்லை. மலைமேலே இதைச் சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? முடிவு உன்னுடையதுதான், நான் குறுக்கே நிற்கவில்லை.

ரொம்பப் பேசிவிட்டேன். நம் குடும்பத்தில் உன்னைப்போல் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பவர் யாருமில்லை, என்னையும் சேர்த்துத்தான். நீ எங்கே இருந்தாலும் எங்களுக்குப் பெருமைதான். ஞாயிற்றுக்கிழமை வா. பெரியம்மா பருப்புப் பொடி இடித்து வைத்திருக்கிறாள், ஸ்வெட்டரும் பின்னி முடித்துவிட்டாள். பள்ளிக்கூடப் பேச்சே எடுக்கமாட்டேன். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பு.

பெரியப்பா