மூச்சு வாங்குதா? அசதின்னு விட்டுடாதீங்க!



"கம்பெனியில நாள் பூரா நிக்கிறோம், கால் வீங்கத்தானே செய்யும்?" கும்மிடிப்பூண்டி பக்கம் குழுக் கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. எல்லா வீக்கமும் அசதி அல்ல.

நம் இதயம் தசையால் ஆன பம்பு. அந்தத் தசை தளர்ந்தால் ரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாது. நுரையீரலிலும் காலிலும் நீர் தேங்கும். இதுவே இதயச் செயலிழப்பு. இதயம் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை.

எதனால் வருகிறது?
மாரடைப்பு, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, குடி, பரம்பரை. கர்ப்பத்தின் கடைசி மாதம் முதல் பிரசவமாகி 5 மாதம் வரை சில பெண்களுக்கும் வரும். மூச்சு வாங்கினால் "பச்சை உடம்பு, அப்படித்தான்" என்று இருந்துவிடக் கூடாது.

கவனிக்க வேண்டியவை:
• படுத்தால் மூச்சுத் திணறல், இரவில் இருமல்
• கால், வயிறு வீக்கம்
• இரண்டு மூன்று நாளில் 2 கிலோ எடை ஏறுவது

என்ன செய்யலாம்?
அரசு மருத்துவமனையில் காட்டி, எக்கோ பரிசோதனை பற்றிக் கேளுங்கள். ஊறுகாய், கருவாடு, அப்பளம் குறையுங்கள். தேவலாம் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். அடுத்த குழந்தைக்கு முன் டாக்டரைக் கேளுங்கள். மூச்சு முட்டினால் உடனே 108.

நோய் முற்றினால் சிலருக்கு இதய மாற்றுதான் வழி. 2008-இல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் இதயம், பெற்றோர் சம்மதத்தால் சென்னையில் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்தச் சிகிச்சை உண்டு. வட்டிக்குக் கடன் வாங்கும் முன் காப்பீட்டு அட்டையை எடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துப் பேசுவோம். நம் குழுவில் யாருக்கு மூச்சு வாங்குகிறது?