ஆசிரியர் தகுதி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

செஞ்சிக் கோட்டையை அடுத்த வல்லம் ஒன்றியத்திலும், விழுப்புரம் மாவட்டத்தின் ஏனைய சிற்றூர்களிலும், ஆசிரியர் பணியை நாடும் இளைஞர்களிடையே வேரூன்றியுள்ள நம்பிக்கைகளுள் மிகுந்த இழப்பைத் தருவது, பி.எட். பட்டம் கையில் இருந்தால் ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எங்கும் பாடம் நடத்தலாம் என்பதாகும். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்கும் இடைநிலை ஆசிரியருக்கு உரிய படிப்பு, மேல்நிலைக் கல்விக்குப் பின் ஈராண்டு பயிலும் தொடக்கக் கல்விப் பட்டயமே ஆகும். பி.எட். படித்தவர்களும் இவ்வகுப்புகளுக்குத் தகுதியுடையவர்கள் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2018இல் அறிவித்திருந்தது உண்மையே. ஆனால் அவ்வறிவிப்பு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11 அன்று தீர்ப்பளித்துவிட்டது. இத்தீர்ப்பின் நியாயத்தை எந்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியிலும் நேரில் காணலாம். 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின்படி, கற்றல் நிலையைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் எனப் பகுக்கப்பட்ட குழந்தைகள் ஒரே அறையில் அமர்ந்திருக்க, எழுத்தையே இனங்காணாத குழந்தைக்கும் வாக்கியம் படிக்கும் குழந்தைக்கும் ஒரே வேளையில் பணி கொடுக்கும் திறம், இயற்பியலிலோ வரலாற்றிலோ பட்டம் பெற்றதனால் மட்டும் வந்துவிடுவதில்லை.

தகுதித் தேர்வில் வென்றால் அரசுப் பணி உறுதி என்பது அடுத்த நம்பிக்கை. ‘டெட்’ என்று வழங்கப்படும் இத்தேர்வு, கல்வி உரிமைச் சட்டத்தின் வழிவந்த 2010ஆம் ஆண்டு அறிவிக்கையால் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போருக்குக் கட்டாயமானது. முதல் தாள் ஐந்தாம் வகுப்பு வரைக்கும், இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டு வரைக்கும் உரியவை. ஒவ்வொன்றுக்கும் 150 மதிப்பெண், பொதுப் பிரிவினருக்குத் தேர்ச்சி 90. தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுத, தேறியவர்கள் 2,500 பேர்கூட இல்லை என்பதால், தேறினாலே வேலை என்ற எண்ணம் மக்களிடம் ஆழப் பதிந்தது இயல்பே. எனினும் 2018இல் வெளியான அரசாணை 149இன்படி, டெட் தேறியவர்கள் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் தனிப் போட்டித் தேர்வையும் எழுத வேண்டும். அதில் கட்டாயத் தமிழ்த் தாளில் 50க்கு 20 மதிப்பெண் பெறாதவரின் முதன்மைத் தாள் திருத்தப்படுவதில்லை. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பு இடைநிலை ஆசிரியர் பணியைத் தேடித் தந்த காலம் முடிந்துவிட்டது. அப்பதிவை மட்டும் நம்பிக் காத்திருப்பது வீண்.

பள்ளியில் மேற்கொள்ளும் கற்பித்தல் பயிற்சி, பதிவேடுகளை நிரப்பிக் கையொப்பம் வாங்கும் சடங்கு என்ற கருத்தே இவை அனைத்திலும் கவலைக்குரியது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் பி.எட். படிப்பை ஈராண்டாக்கி, முதலாண்டில் 4 வாரமும் இரண்டாமாண்டில் 16 வாரமுமாகப் பள்ளிக் களப்பயிற்சியை வகுத்ததன் நோக்கம் வேறு. பயிற்சி மாணவர் முதலில் மூத்த ஆசிரியரின் வகுப்பை உற்றுநோக்கி, பின்னர் பாடக் குறிப்பும் துணைக்கருவியும் தாமே ஆயத்தம் செய்து, வழிகாட்டி ஆசிரியரின் முன்னிலையில் பாடம் நடத்திக் குறைகளைக் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். ஆறாம் வகுப்பில் நீராவியாதல் பாடத்துக்குக் குறிப்பு எழுதி வந்தவர், கடைசி வரிசைச் சிறுவனால் பாடநூலின் வரியையே எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடிகிறது என்று கண்டறியும்போது, அக்குறிப்பை ஒதுக்கிவிட்டு, தரையில் நீர் தெளித்து அது உலர்வதைக் காட்டி, அச்சிறுவனையே பேசவைக்கத் துணியும் மனம் இங்குதான் உருவாகிறது. பதிவேட்டைக் கடையில் காசு கொடுத்து எழுதி வாங்குபவர் இழப்பது இதையே. அந்த இழப்பைச் சுமப்பவர்களோ அவரிடம் பின்னாளில் பயிலப்போகும் பிள்ளைகள்.

டெட் சான்றிதழ் 7 ஆண்டுகளில் காலாவதியாகும் என்ற அச்சத்துக்கு இன்று இடமில்லை. 2021இல் அது வாழ்நாள் முழுவதும் செல்லத்தக்கதாக்கப்பட்டது. தனியார் பள்ளிக்கு இத்தகுதிகள் வேண்டியதில்லை என்பதும் பிழை. சிறுபான்மை நிறுவனங்கள் குறித்த கேள்வி மட்டுமே உச்ச நீதிமன்றத்தின் பேரமர்வுக்கு அனுப்பப்பட்டுள்ளது. பணியில் இருப்போருக்கு டெட் பொருந்தாது என்ற நம்பிக்கையையும் 2025 செப்டம்பர் 1ஆம் நாள் தீர்ப்பு தகர்த்தது. ஓய்வுக்கு 5 ஆண்டுகளுக்கு மேல் உள்ளவர்கள் 2 ஆண்டுகளுக்குள் தேற வேண்டும் என்றும், அதற்குக் குறைவாக உள்ளவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வுக்கு டெட் தேவை என்றும் அது வரையறுத்தது.

ஆகவே வல்லத்திலும் செஞ்சியிலும் ஆசிரியராக விழையும் மாணவர்களும் அவர்களின் பெற்றோரும், கட்டணம் செலுத்துவதற்கு முன்பே, எந்த வகுப்புகளுக்குக் கற்பிக்க விரும்புகிறார்கள் என்பதைத் தீர்மானித்து, அதற்குரிய படிப்பு எதுவென்று உறுதிசெய்து, சேரவிருக்கும் நிறுவனத்துக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகார ஆணை உள்ளதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.