பாகலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவ: கைக்கு எட்டும் 11 வழிகள்

மாதாமாதம் ஒரே தொகையை எடுத்து வைக்க எல்லா வீட்டாலும் ஆகாது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவருக்கு ஓ.டி. இருக்கும் மாதம் ஒரு சம்பளம், இல்லாத மாதம் வேறொரு சம்பளம். ரோஜா போட்டவருக்குக் காதலர் தினத்தை ஒட்டிக் கை நிறையும். ஆடியில் பறிகூலி தேறினாலே பெரிது. அதனால் 'ஒரு பிள்ளையைத் தத்தெடுங்கள்' என்று யாராவது கேட்டால் தயங்குகிறோம். தத்தெடுக்காமலே செய்யக்கூடிய காரியங்கள் நிறைய இருக்கின்றன.

1. கடைக்குப் போகும் முன், அரசு என்ன தருகிறது என்று பாருங்கள். பாடநூல், நோட்டு, சீருடை, பை, காலணி, கிரேயான், ஜியாமெட்ரி பாக்ஸ், அட்லஸ், பஸ் பாஸ், பிளஸ் ஒன்னில் சைக்கிள் ஆகியவை அரசுப் பள்ளியில் விலையில்லாமல் வருகின்றன. ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும் உண்டு. ஆனாலும் ஜூன் பிறந்தால் நன்கொடையாளர்கள் நோட்டும் பையுமாகத்தான் வருவார்கள். படம் எடுக்க அதுதான் வசதி. உண்மையில் பிள்ளைகள் இடறுவது வேறு இடங்களில்: ஜெராக்ஸ் செலவு, இ-சேவை மையத்தில் சான்றிதழுக்குக் கட்டும் பணம், பஸ் வராத நாளில் ஷேர் ஆட்டோ, கல்லூரி விண்ணப்பக் கட்டணம், விடுதி முன்பணம். நூறும் இருநூறுமாக வரும் இந்தச் செலவுகளுக்கு எந்தத் திட்டத்திலும் பெயரில்லை. உங்கள் பணம் இங்கே போகட்டும்.

2. பணம் வரும் மாதமும் பணம் தேவைப்படும் மாதமும் ஒன்றாக இருக்காது. தீபாவளி போனஸில் ஒரு பங்கு, பிப்ரவரிப் பூ விற்ற பணத்தில் ஒரு பங்கு என்று எடுத்துத் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டு வையுங்கள். மே, ஜூனில் கல்லூரி விண்ணப்பமும் சேர்க்கையும் வரும்போது அதைத் தொடலாம். ஒரு வருடச் செலவு கையில் சேர்ந்த பிறகு ஒரு பிள்ளையிடம் வாக்குக் கொடுங்கள். அதற்கு முன்னால் சொல்லிவிட்டு, பாதியில் கையை விரித்தால் அந்த வீட்டின் நிலை முன்பைவிட மோசமாகும்.

3. மகளிர் குழு இருந்தால் அதுவே போதும், புதிதாக அறக்கட்டளை எதற்கு? தமிழகத்தில் சுய உதவிக் குழுக்கள் 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியதே தருமபுரி மாவட்டத்தில்தான். அன்றைக்குக் கிருஷ்ணகிரியும் பாகலூரும் அதற்குள் இருந்தன. குழுவில் 15 பேர் மாதம் 20 ரூபாய் போட்டால் வருடத்துக்கு 3,600 ரூபாய். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் 'கல்விக் கடன்' என்று ஒதுக்குங்கள். வட்டி இல்லை, பத்துத் தவணை. இனாமாகக் கொடுத்தால் வாங்கக் கூசும் அம்மாவும் கைமாற்று என்றால் தலை நிமிர்ந்து வாங்குவார், திருப்பியும் கட்டுவார். திரும்பி வந்த பணம் அடுத்த பிள்ளைக்கு.

4. குறைந்த செலவில் அதிகப் பலன் வேண்டுமென்றால் எட்டாம் வகுப்பைக் குறி வையுங்கள். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாவது படிப்பவர்களுக்குத் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு உண்டு, ஆசிரியர்கள் என்.எம்.எம்.எஸ். என்பார்கள். தேறிவிட்டால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய், நான்கு வருடத்தில் 48,000. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. தேர்வில் பாதி மனத்திறன் கேள்விகள்: எண் தொடர், விடுபட்ட உருவம், குறியீடு. பாடப் புத்தகத்தில் இவை இல்லாததால் நன்றாகப் படிக்கும் பிள்ளையும் திகைத்து நிற்கும். ஆகவே வகுப்புக்கு நான்கைந்து வழிகாட்டிப் புத்தகம், பழைய வினாத்தாள்களின் ஜெராக்ஸ் கட்டு, சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் உட்கார ஒரு பொறியியல் படித்த ஆள் வேண்டும். இந்த மூன்றாவதுக்கு ஓசூர் வட்டாரத்தில் பஞ்சமே இல்லை. வருமானச் சான்றிதழுக்கும் பிள்ளை பெயரில் வங்கிக் கணக்குக்கும் முன்கூட்டியே துணை போங்கள். தேர்வில் தேறிய பிறகும் பணம் வராமல் நிற்பது பெரும்பாலும் கணக்கில் பெயரோ ஆதார் இணைப்போ சரியில்லாததால்தான். ஒன்பதாவதில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு ஒன்றும் இருக்கிறது. தொகை சிறிது, பழக்கம் பெரிது.

5. பிகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் கட்டட வேலை நடக்கும் இடத்திலும் செங்கல் சூளையிலும் பூப்பண்ணை ஓரத்திலும் விளையாடிக் கொண்டிருப்பதை எல்லாரும் பார்க்கிறோம். இவர்களுக்கு முதலில் வேண்டியது ஒரு நாள் துணை. 'பிறப்புச் சான்றிதழ் இல்லை, டி.சி. இல்லை' என்று பெற்றோரே பள்ளி வாசலை மிதிக்காமல் இருப்பார்கள். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லை என்பதற்காக 6 முதல் 14 வயதுப் பிள்ளையின் சேர்க்கையை மறுக்கக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் தாமதமும் காரணமாகாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதற்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். தலைமை ஆசிரியரிடம் சண்டைக்குப் போகிற மாதிரி போகாதீர்கள், கூடப் போய் உட்கார்ந்தாலே பாதி வேலை முடியும். சிக்கல் வந்தால் பள்ளிக்கல்வித் துறை உதவி எண் 14417.

6. மொழியை மறந்துவிடாதீர்கள். பாகலூரில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு வரும் பிள்ளைகள் ஏராளம். உருது வீடுகளும் உண்டு. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தால் தமிழ் கட்டாயப் பாடம். கணக்கில் புலியாக இருப்பவள் தமிழ்க் கட்டுரையில் திணறினால் அவளை மந்தம் என்று சொல்லிவிடுவார்கள். நல்ல தமிழாசிரியர் ஒருவருக்கு வாரம் இரண்டு நாள் மாலைச் சம்பளம் கொடுப்பது அருமையான உதவி, அவருக்குத் தெலுங்கும் தெரிந்தால் இன்னும் நல்லது. சின்னப் பிள்ளைகளுக்கு, பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் ஒரே கதை தமிழ், தெலுங்கு, கன்னடம், ஒடியா, இந்தி என்று பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டு மொழியில் அச்செடுத்து ஒன்றாகத் தைத்துக் கொடுங்கள்.

7. பணம் முடியாவிட்டால் திண்ணை கொடுங்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் இதே முறையில்தான் நடந்தது: தெருவில் ஓர் இடம், ஒரு தன்னார்வலர், மாலையில் ஒன்றரை மணி நேரம். ஷிப்ட் மாறுகிற ஆள் தனியாக வகுப்பெடுத்தால் இரண்டாம் வாரமே நின்றுபோகும். மூன்று பேர் சேர்ந்து, யாருக்கு முதல் ஷிப்டோ அவர் அந்த வாரம் எடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுண்டல், வேர்க்கடலை, ராகி உருண்டை என்று அக்கம்பக்கத்து வீடுகள் முறை வைத்துக் கொடுக்கலாம்; பசித்த பிள்ளைக்கு வாய்ப்பாடு ஏறாது. ஒரு கட்டாயம்: வகுப்பு திறந்த இடத்தில் நடக்கட்டும், பெரியவர்கள் இருவராவது இருக்கட்டும், பிள்ளைகளின் போன் நம்பரை உதவுபவர் யாரும் வாங்கக் கூடாது.

8. பூப்பண்ணையிலும் கம்பெனியிலும் வேலை செய்யும் இளம் பெண்களில் எட்டாவதோடு நின்றவர்கள் இருக்கிறார்கள். தனித்தேர்வராகப் பத்தாவது எழுதலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்னதாகவே பதிவு செய்திருக்க வேண்டும் என்பதுதான் பலர் கோட்டை விடும் இடம். அறிவிப்பைக் கவனித்துச் சொல்வதும், தேர்வு நாளின் கூலியை ஈடுகட்டுவதும் நீங்கள் செய்யலாம்.

9. கம்பெனியைக் கேளுங்கள், ஆனால் ஆள் பார்த்துக் கேளுங்கள். 2014 ஏப்ரல் முதல், 500 கோடி நிகர மதிப்போ 1,000 கோடி விற்றுமுதலோ 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனம் தன் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டும். உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைக்கு இது பொருந்தாது. தொழிலாளர் பிள்ளைகளுக்கு மட்டும் என்று கேட்டால் அது இந்தக் கணக்கில் வராது. 'பள்ளிக்கு ஏதாவது செய்யுங்கள்' என்ற மனு மூலையில் கிடக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நகல், வேண்டிய பொருள், விலைப்புள்ளி மூன்றையும் இணைத்துக் கொடுங்கள்.

10. பள்ளிக்கு நேராகக் கொடுப்பது நமக்குப் பழைய பழக்கம். காமராஜர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்கள் நிலமும் கட்டடமும் மேசை நாற்காலியும் கொடுத்தார்கள். இன்றைக்கு அதற்கு 2022 டிசம்பர் 19 அன்று தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இருக்கிறது. அதன் தலைவர் ஓசூருக்குத் தெரிந்தவர்தான், டி.வி.எஸ். வேணு சீனிவாசன். எந்தப் பள்ளிக்கு, எந்த வேலைக்கு என்று குறிப்பிட்டே கொடுக்கலாம். தனியார் அமைப்புக்குக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். வரிச் சலுகை பழைய வரிமுறையில் இருப்பவருக்கு மட்டும்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய தம்பி அமைப்புக்குப் பணம் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்குப் பதிவு பெற்ற அமைப்பு மட்டுமே வாங்கலாம். இந்தியக் குடிமகனாகவே சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் தன் சம்பளத்திலிருந்து அனுப்புவதற்கு இந்தச் சிக்கல் இல்லை.

11. உதவி பெறும் பிள்ளையின் எமிஸ் எண்ணையும் (மாநிலப் பள்ளிக்கல்வித் துறை தரும் மாணவர் எண்), யூடைஸ் என்ற நாடளாவிய பள்ளிப் பதிவில் உள்ள நிரந்தரக் கல்வி எண்ணையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இங்கே வேலை முடிந்தால் குடும்பம் மாலூருக்கோ சர்ஜாபுரத்துக்கோ நகர்ந்துவிடும். மாநில எல்லை தாண்டினால் எமிஸ் எண் உதவாது, நிரந்தரக் கல்வி எண் அங்கேயும் செல்லும். அந்த எண்ணையும் மதிப்பெண் பட்டியல் நகலையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அம்மாவிடம் கொடுத்து அனுப்புங்கள். பையின் அடியில் வைக்கச் சொல்லுங்கள், ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில்.