மாஸ்டடானில் சேரும் முன்

2016-இல் ஜெர்மனியில் தோன்றிய மாஸ்டடான் என்னும் சமூக ஊடகம் ஒரே கம்பெனியின் கையில் இல்லை. தனியாரும் சிறு குழுக்களும் தத்தம் பொறுப்பில் நடத்தும் பல சர்வர்களின் கூட்டு அது. (ஓட்டல் சர்வர் அல்ல, செய்திகளைச் சேமித்து வழங்கும் கணினி.) ஓர் ஊர்த் தபால் மற்றோர் ஊருக்குப் போவதைப் போல, ஒரு சர்வரில் எழுதியதை வேறு சர்வரில் உள்ளவரும் படிக்கலாம்.

எனவே எந்தச் சர்வரில் சேர்வது என்பதில்தான் விவசாயிகள் கவனம் செலுத்த வேண்டும். நடத்துபவர் யார், விதிகள் என்ன, செலவுக்கு என்ன வழி என்று பார்க்கவும். செலவு தாங்காமல் மூடப்பட்டவை உண்டு. மூடும் முன் வேறு சர்வருக்கு மாறினால் உங்களைப் பின்தொடர்பவர்கள் உடன் வருவர், பதிவுகள் வாரா. பூச்சி, நோய்ப் படங்களைப் போட்டு வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய இழப்பு. 7 நாட்களுக்கு ஒருமுறை பதிவுகளின் நகலைக் கேட்டுப் பெறலாம். தனிச்செய்தியையும் நடத்துபவர் பார்க்க இயலும். வங்கிக் கணக்கு விவரங்களை அதில் எழுத வேண்டாம்.